பாஸ் கிட்டார்: வீட்டில் அமைதி, சபையில் உறுமல். பிக்கப்பா, கரண்டா?

நாலுகம்பி (களியக்காவிளை), திங்கள் இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். சபையில் பாடகர் குழுவோடு நான்கு வருடமாக பாஸ் வாசிக்கிறேன். மாமா சார்ஜாவிலிருந்து கொண்டுவந்து தந்த ஜாஸ் பாஸ். இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தமும் ஒற்றை ஒயர்ச் சுருளும்), பேட்டரி இல்லாத பேசிவ் வகை. வீட்டில் சின்ன ஆம்பில் போட்டால் லேசாக மூச்சு விடுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். சபையில் போட்டால் அடியில் 'ஊம்ம்' என்று ஓர் உறுமல், அதன் மேல் 'கிர்ர்' என்று ஒரு நறநறப்பு.

ஜெப நேரத்தில் எல்லோரும் கண் மூடியிருக்கும்போது இந்தச் சத்தம் கேட்டால் எனக்கு உள்ளுக்குள் கூசுகிறது. வால்யூமை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜெபம் முடிந்து பாடல் தொடங்கும்போது திறக்க மறந்து, முதல் இரண்டு வரி பாஸே இல்லாமல் போன நாளும் உண்டு.

மூன்று வாரத்தில் கன்வென்ஷன். பிக்கப்பை மாற்றச் சொல்கிறார்கள், ஆனால் இதன் தொனி எனக்குப் பிடிக்கும். எங்கிருந்து தொடங்க?

மார்த்தாண்டம்_கீஸ், திங்கள் இரவு 9:58

நாய்ஸ் கேட் பெடல் ஒன்று வாங்கிப் போடுங்க. வாசிக்காதபோது தானாக அடைத்துவிடும்.

குளச்சல்_காற்று, திங்கள் இரவு 10:05

கேட் எனக்குச் சரிப்படவில்லை. மெதுவான பாடலில் கடைசி சுரம் கரைந்து போகும்போது பாதியில் வெட்டிவிடும். வாசிக்கும்போது உறுமல் அப்படியே இருக்கும்.

ஈயப்புகை (குழித்துறை), திங்கள் இரவு 10:31

தம்பி, எதையும் வாங்க வேண்டாம், எதையும் கழற்றவும் வேண்டாம். முதலில் சபைக்குப் போய்க் காது கொடுத்துக் கேள். நீ எழுதியதிலேயே இரண்டு சத்தம் இருக்கிறது. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

'ஊம்ம்' என்பது காந்தப் புலம் வழியாக வருவது. டிரான்ஸ்பார்மர், ஸ்டெபிலைசர், பழைய டியூப்லைட் சோக் இவற்றிலிருந்து பிக்கப் காயிலுக்குள் நேராக ஏறும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். உன் பாஸின் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், ஏ கம்பி 55. ஆக உறுமல் அந்த இரண்டுக்கும் நடுவில், நீ வாசிக்கிற இடத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஈக்வலைசரில் அதை வெட்டினால் உன் சுரமும் சேர்ந்து போய்விடும். சந்தேகமிருந்தால் ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தி நீளமாக விடு. அந்த ஜி 49 ஹெர்ட்ஸ். உறுமலும் சுரமும் சேர்ந்து நொடிக்கு ஒருமுறை போல அலை அலையாக ஏறி இறங்கினால் அது கரண்ட் உறுமல்தான்.

'கிர்ர்' என்பது மின் புலம் வழியாக வருவது. ஃபேன் ரெகுலேட்டர், லைட் டிம்மர், மலிவான எல்இடி விளக்கு, லேப்டாப் சார்ஜர் இதெல்லாம் காரணம். ஷீல்டிங் செய்தால், அதாவது பாஸின் உட்குழிகளில் தாமிரத் தகடு ஒட்டினால், இது போகும். உறுமல் ஷீல்டிங்குக்கு மசியாது, ஏனென்றால் தாமிரத் தகடு 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்தைத் தடுக்காது. தகடு ஒட்டிவிட்டு 'ஒன்றும் ஆகவில்லையே' என்று நிறையப் பேர் சோர்ந்து போவது இதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திராதே. சாவி வாங்கி ஒரு மாலை போய் நான்கு சோதனை செய்.

பாஸிலிருந்து கேபிளைக் கழற்று. ஆம்ப் வால்யூமைக் குறைத்துக்கொண்டு, கேபிள் முனையில் இருக்கிற பி38 பின்னின் நுனியையும் தண்டையும் ஒரு சாவியால் சேர்த்துத் தொடு. சத்தம் நின்றால் ஆம்பும் கேபிளும் சரி, வருவதெல்லாம் பாஸ் வழியாக. நிற்காவிட்டால் பாஸைத் திறந்து பயனில்லை.

இரண்டாவது, பாஸை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்று சுற்று. உறுமல் ஒரு திசையில் ஏறி இன்னொரு திசையில் அடங்கினால் அது பிக்கப்பில் ஏறும் காந்த உறுமல்.

மூன்றாவது, கம்பிகளின் மேல் உள்ளங்கையை வை. நறநறப்பு குறைந்தால் கிரவுண்ட் ஒயர் சரியாக இருக்கிறது, ஷீல்டிங்தான் போதவில்லை. தொட்டதும் சத்தம் கூடினால் பிரிட்ஜுக்கு (கம்பிகளின் அடிமுனையைத் தாங்குகிற உலோகத் தகடு) போகிற கிரவுண்ட் ஒயர் விட்டிருக்கும், இல்லையென்றால் கேபிள் செருகுகிற ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கும்.

கடைசியாக, இரண்டு பிக்கப் வால்யூமையும் முழுக்கத் திற. பிறகு ஒன்றை மட்டும் கொஞ்சம் குறை. என்ன கேட்கிறது என்று எழுது.

கொல்லங்கோடு_கம்பி, செவ்வாய் காலை 7:12

சாவி சோதனை எதற்கு? பாஸில் இரண்டு வால்யூமையும் மூடினால் போதாதா?

ஈயப்புகை, செவ்வாய் காலை 7:50

ஜாஸ் பாஸில் போதாது. அதன் வழக்கமான ஒயரிங்கில் ஒரு பிக்கப்பை மூடினாலும் மற்றது கேட்க வேண்டும் என்பதற்காக பிக்கப் ஒயரை வால்யூமின் நடுக்காலில் கொடுத்திருப்பார்கள். மூடினால் பிக்கப் கிரவுண்டாகும். ஆனால் வெளியே போகிற ஒயருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 250 கே பாட் (வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கிற மின்தடை) இரண்டும் நின்றுகொண்டிருக்கும். அந்த ஒயரே கொஞ்சம் நறநறப்பைப் பிடிக்கும். சாவியால் தொட்டால் குழப்பமே இல்லை.

மார்த்தாண்டம்_கீஸ், செவ்வாய் காலை 9:20

எங்கள் ஹாலில் ஒரு வழி செய்தோம். ஆம்ப் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிட்டு இரண்டு பின் மட்டும் குத்தினோம். உறுமல் உடனே நின்றது.

பாறசாலை_மைக்செட், செவ்வாய் காலை 9:41

தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். யாரும் செய்ய வேண்டாம்.

இருபத்திரண்டு வருடமாக மைக் செட் வேலை பார்க்கிறேன். ஓர் ஊர் மேடையில் ஒரு பையன் கையில் பாஸ், முன்னால் மைக். பாஸ் ஆம்பின் எர்த் பின்னை யாரோ எடுத்திருந்தார்கள், ஆம்புக்குள் ஒயர் தோல் உரிந்து பெட்டியில் கசிந்துகொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியாது. மழை பெய்து ஓய்ந்த நேரம், தரை ஈரம். கோரஸ் பாட வாயை மைக்கில் வைத்தான். மைக் எர்த்தில் இருக்கிறது, கம்பியில் கரண்ட். அப்படியே பின்னால் விழுந்தான். மெயினை அணைத்தது நான்தான். உதடு வெந்துபோய், இடது கை ஒரு வாரம் மரத்திருந்தது. உயிர் தப்பியது. அந்த மேடைக்குப் பிறகு இரண்டு பின் அடாப்டரை என் வண்டியிலேயே ஏற்றுவதில்லை.

எர்த் பின்னை எடுத்ததும் சத்தம் நின்றால் அது கிரவுண்ட் லூப். ஆம்ப் ஒரு பிளக்கிலும் மிக்சர் வேறு பிளக்கிலும் எர்த் ஆகி, நடுவில் ஆடியோ கேபிள் இரண்டையும் சேர்ப்பதால் ஒரு வளையம் உண்டாகிறது. அந்த வளையத்தை ஆடியோ கேபிளில்தான் வெட்ட வேண்டும், கரண்ட் ஒயரில் அல்ல. மிக்சருக்குப் போகிற வழியில் ஒரு டிஐ பாக்ஸ் போடுங்கள், பாஸ் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற சின்னப் பெட்டி அது. அதில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது மிக்சருக்குப் போகிற கேபிளின் ஷீல்டை மட்டும் பிரிக்கும், ஆம்பின் எர்த் அப்படியே இருக்கும். முடிந்தால் ஆம்ப், மிக்சர் எல்லாவற்றையும் ஒரே போர்டிலிருந்து எடுங்கள்.

மார்த்தாண்டம்_கீஸ், செவ்வாய் காலை 10:15

அண்ணே, இது தெரியாமல் எழுதிவிட்டேன். இன்றைக்கே போய் எங்கள் ஹாலில் மூன்று பின் பிளக்கைத் திரும்பப் போடுகிறேன். யாரும் நான் சொன்னதைச் செய்ய வேண்டாம்.

குளச்சல்_காற்று, செவ்வாய் மாலை 6:30

பிரிட்ஜ் கிரவுண்ட் ஒயரில் ஒரு கெப்பாசிட்டர் போட்டால் ஷாக் அடிக்காது என்று படித்தேன். உண்மையா?

ஈயப்புகை, செவ்வாய் இரவு 8:02

கம்பியிலிருந்து உன் உடம்பு வழியாகப் போகிற கரண்டை அது ஓரளவு மட்டுப்படுத்தும். ஆனால் அதை நம்பி ஈரத் தரையில் நிற்காதே. ஜாக் தகடும் கேபிளின் பின்னும் அப்போதும் நேராக ஆம்போடுதான் இருக்கும். எர்த் சரியாக இருக்க வேண்டும், போர்டில் கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் லீக்கேஜ் டிரிப்பர் இருக்க வேண்டும். காப்பாற்றுவது அவை.

நாலுகம்பி, வியாழன் இரவு 9:15

நேற்று சாயங்காலம் சபைக்குப் போனேன். தம்பியையும் கூட்டிப்போனேன், சுவிட்ச் போட்டு அணைக்க ஆள் வேண்டுமே.

சாவியால் தொட்டேன், சுத்தமாக நின்றது. ஆக ஆம்பில் குறையில்லை.

சுற்றிப் பார்த்தேன். அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. நான் வழக்கமாக உட்காருகிற பக்கம் திரும்பினால் உறுமல் உச்சம். ஜன்னல் பக்கம் திரும்பினால் பாதிக்கும் கீழே. பிறகுதான் பார்த்தேன், என் நாற்காலிக்கு ஒன்றரை அடியில் மிக்சர் ரேக், அதன் அடித்தட்டில் பெரிய ஸ்டெபிலைசர். நான்கு வருடமாக அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கம்பியைத் தொட்டால் நறநறப்பு நன்றாகக் குறைகிறது. தம்பி ஒவ்வொரு ஃபேனாக அணைத்தான். பீடத்துக்கு அருகில் உள்ள இரண்டு ஃபேனை அணைத்ததும் 'கிர்ர்' முக்கால்வாசி போய்விட்டது. முழு வேகத்தில் வைத்தாலும் குறைகிறது, இரண்டில் வைத்தால்தான் கத்துகிறது.

இரண்டு பிக்கப்பும் முழுக்கத் திறந்தால் உறுமல் அடங்குகிறது. ஒன்றைக் குறைத்தால் திரும்ப வருகிறது. இது ஏன்?

ஈயப்புகை, வியாழன் இரவு 10:20

நல்ல வேலை செய்திருக்கிறாய் தம்பி. பாதி வழி வந்துவிட்டாய்.

கடைசிக் கேள்வி முதலில். இன்றைய ஜாஸ் பாஸ்களில் இரண்டு பிக்கப்பையும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் சுற்றி, காந்தத்தையும் திருப்பிப் போட்டிருப்பார்கள். கம்பியின் அதிர்வு இரண்டிலும் ஒரே பக்கமாக வந்து கூடும். வெளியிலிருந்து வரும் உறுமல் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழிக்கும். இரண்டும் சமமாக இருந்தால்தான் இது நடக்கும், ஒன்றைக் குறைத்தால் தராசு சாய்ந்துவிடும். ஹம்பக்கர் செய்வதும் இதையேதான், ஒரே பிக்கப்புக்குள் இரண்டு காயிலை வைத்து. ஃபெண்டர் கம்பெனி 1951-இல் கொண்டுவந்த பிரெசிஷன் பாஸ் முதலில் சிங்கிள் காயில்தான். 1957-இல் அதன் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து இந்த முறைக்கு மாற்றினார்கள். 1960-இல் வந்த ஜாஸ் பாஸில் அந்த வேலையை இரண்டு தனிப் பிக்கப்புகள் பங்குபோட்டுக்கொள்கின்றன.

ஃபேனுக்கு வருவோம். குமிழைத் திருகித் திருகி வேகம் மாற்றுகிற எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரண்ட் அலையை ஒவ்வொரு அரைச் சுற்றிலும் வெட்டி வெட்டி அனுப்பும். அந்த வெட்டுதான் உனக்குக் கேட்கிற நறநறப்பு. 'டக் டக்' என்று ஐந்து படியில் நிற்கிற ஸ்டெப் ரெகுலேட்டருக்குள் கெப்பாசிட்டர்தான் இருக்கும், அது அலையை வெட்டாது. பீடத்துக்கு அருகில் உள்ள அந்த இரண்டை மட்டும் மாற்றச் சொல். அதிகச் செலவில்லை. எலக்ட்ரீஷியனே செய்யட்டும்.

ஸ்டெபிலைசரை விட்டு விலகு. இப்படிப்பட்ட டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலம் தூரம் கூடக் கூட மிக வேகமாகக் குறையும். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆறடி தள்ளி உட்கார்ந்தாலே போதும், பிக்கப்பில் கைவைக்க வேண்டியிருக்காது.

கொல்லங்கோடு_கம்பி, வெள்ளி காலை 8:00

அப்படியானால் இரண்டையும் முழுக்கத் திறந்தே வாசிக்கலாமே?

நாலுகம்பி, வெள்ளி காலை 8:25

வாசிக்கலாம். ஆனால் எனக்குப் பின் பிக்கப்பைத் தனியாக வைத்து, பிரிட்ஜ் பக்கம் விரல் வைத்து வாசிக்கத்தான் பிடிக்கும். அப்படி வாசித்த பாஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸைக் கேட்டு வளர்ந்த காது. இரண்டும் திறந்தால் நடுத்தொனி குழிந்துபோகிறது. ஆராதனை முடிவில் கைதட்டிப் பாடுகிற பாடல்களுக்கு அந்த உறுத்தலான மூக்குத்தொனி இல்லையென்றால் பாஸ் இருப்பதே தெரியாது.

குளச்சல்_காற்று, வெள்ளி காலை 11:10

அந்தத் தொனி வேண்டும், உறுமல் வேண்டாம் என்றால் ஜாஸ் வடிவத்திலேயே வருகிற ஹம் கேன்சலிங் பிக்கப் உண்டு. டிமார்சியோ மாடல் ஜே அப்படிப்பட்டது. நான் போட்டிருக்கிறேன், நல்ல அமைதி. சிங்கிள் காயிலின் பளிச்சென்ற மேல்தொனி கொஞ்சம் மங்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. நான் கடலோரம். உப்புக் காற்றில் ஜாக்கும் பாட்டும் சீக்கிரம் கறுத்துவிடும். இடவப்பாதி மழை தொடங்கினால் இன்னும் மோசம். வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்றால் பிக்கப்பைப் பழி சொல்ல வேண்டாம், காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை திருப்பினாலே சரியாகும்.

ஈயப்புகை, வெள்ளி இரவு 9:45

இன்றைக்கு நேரம் இருக்கிறது, ஷீல்டிங்கை முழுசாக எழுதிவிடுகிறேன்.

கம்பிகளைத் தளர்த்தி, திறந்ததும் முதலில் போனில் நான்கைந்து படம் எடு. எந்த ஒயர் எங்கே என்பது இரவு பதினொரு மணிக்கு நினைவிருக்காது. ஜாஸ் பாஸில் மூன்று குழி இருக்கும், இரண்டு பிக்கப்புக்கு, ஒன்று பாட்களுக்கு. தூசியைத் துடை, மரம் காய்ந்திருக்க வேண்டும்.

தாமிர டேப் வாங்கும்போது பசையும் கரண்ட் கடத்துகிற வகையா என்று கேட்டு வாங்கு. சாதாரணப் பசை என்றால் ஒரு துண்டின் மேல் இன்னொன்றை ஒட்டினாலும் இரண்டும் தொடாது, பார்க்க ஒன்றாகத் தெரியும். சந்தேகமிருந்தால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பொட்டு சால்டர் வை. அடுப்படி அலுமினியத் தாளும் வேலை செய்யும், ஆனால் அதில் சால்டர் பிடிக்காது, ஸ்க்ரூவும் வாஷரும் வைத்துத்தான் ஒயரை இறுக்க வேண்டும். தாமிரமே மேல். விளிம்பு கையை அறுக்கும், கரண்டியின் பின்புறத்தால் தேய்த்து ஒட்டு.

குழியின் தரை, சுவர், பிறகு மேல் விளிம்பில் ஒரு நாக்கு மாதிரி வெளியே மடி. பாட் இருக்கிற உலோகத் தகடு அந்த நாக்கின் மேல் உட்கார வேண்டும், அப்போதுதான் பெட்டி மூடும். பிக்கப் குழிகள் தனித்தனி என்பதால் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஒயர் எடுத்து பாட் குழியின் கிரவுண்டில் சேர். பலர் தவறுகிற இடம் இதுதான். கிரவுண்டில் சேராத தகடு ஒரு பயனும் தராது, சில நேரம் சத்தத்தைக் கூட்டவும் செய்யும்.

ஒட்டி முடித்ததும் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனையை ஜாக்கின் தண்டிலும் இன்னொரு முனையை ஒவ்வொரு குழியின் மூலையிலும் வைத்துப் பார். எல்லா இடத்திலும் ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். பிரிட்ஜையும் கம்பிகளையும் சேர்த்துப் பார்.

சிக்னல் ஒயர் எங்கேயாவது தாமிரத்தைத் தொட்டால் பாஸ் ஊமையாகிவிடும். பிக்கப்பின் அடியில் இருக்கிற சால்டர் புள்ளிகளுக்கு இன்சுலேஷன் டேப் போடு. ஜாக்கில் இன்னும் கவனம். பின்னைச் செருகும்போது உள்ளே இருக்கிற நாக்கு விரிந்து சுவரைத் தொடும். பின் இல்லாதபோது சரியாக இருக்கும், செருகினால் சத்தமே வராது. ஒரு முழு ராத்திரி இதனால் போயிற்று எனக்கு. அந்த இடத்திலும் டேப் ஒட்டு.

பாட்டின் முதுகில் சால்டர் வைக்க 25 வாட் இரும்பு திணறும். 60 வாட் இருந்தால் இரண்டு நொடியில் வைத்து எடுத்துவிடலாம். நீண்ட நேரம் சூடு காட்டினால் பாட் உள்ளே கருகிவிடும்.

பாறசாலை_மைக்செட், சனி காலை 7:35

கிரவுண்ட் ஒயர் எல்லாம் ஒரே புள்ளியில்தான் சேர வேண்டும் என்கிறார்களே, அது கட்டாயமா?

ஈயப்புகை, சனி காலை 8:10

பாஸுக்குள் தூரம் ஓர் அடிகூட இல்லை, அங்கே வளையம் உண்டானாலும் காதுக்குத் தெரிகிற அளவு ஆகாது. எல்லாம் உறுதியாகச் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

மார்த்தாண்டம்_கீஸ், சனி மதியம் 1:20

கேபிளையும் பாருங்கள். எங்கள் ஹாலில் ஸ்பீக்கர் ஒயரில் பி38 பின் போட்டு பாஸுக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் ஷீல்டே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

நாலுகம்பி, அடுத்த ஞாயிறு இரவு 8:50

டேப் திருவனந்தபுரத்தில் கிடைத்தது. இரண்டு இரவு வேலை. ஜாக் நாக்கு தொட்டுப் பாஸ் ஊமையானது, அண்ணன் எழுதியது நினைவு வந்து பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டேன். முன் பிக்கப் குழி கிரவுண்டில் சேரவில்லை என்று மீட்டர் காட்டியது, மறுபடி சால்டர் வைத்தேன்.

இன்று ஆராதனையில் ரேக்குக்கு எதிர்ப்புறம், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். ரெகுலேட்டர் இரண்டையும் மாற்ற சபையில் சம்மதித்தார்கள், நேற்றே மாற்றியாயிற்று. 'கிர்ர்' இல்லை. பின் பிக்கப் தனியாக வைத்தால் அடியில் மெல்லிய உறுமல் இருக்கிறது, ஆனால் பாடலுக்கு அடியில் மறைந்துவிடுகிறது. ஜெப நேரத்தில் மட்டும் இரண்டையும் முழுக்கத் திறந்து வைத்தேன். வால்யூமை மூடவில்லை. சபை அமைதியாக இருந்தது, என் ஆம்பும்.

மிக்சருக்கும் கேபிள் கொடுத்தபோது மட்டும் வேறொரு 'ஊம்ம்' வந்தது. டிஐ பாக்ஸில் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினேன், நின்றது. எர்த் பின்னில் கைவைக்கவில்லை.

பாறசாலை_மைக்செட், ஞாயிறு இரவு 9:05

மிகவும் சந்தோஷம் தம்பி. கன்வென்ஷன் பந்தலுக்கு ஜெனரேட்டர் வரும் என்றால் எர்த் ராடு அடித்திருக்கிறார்களா என்று முந்தின நாளே கேள். சபையில் எர்த் குழி இருந்தால் கரியும் உப்பும் போட்ட குழிதானே, மழை இல்லாத மாதங்களில் தண்ணீர் ஊற்றச் சொல்.

கொல்லங்கோடு_கம்பி, ஞாயிறு இரவு 9:30

என் பாஸில் 'டிட்-டிட்-டிட்' என்று விட்டுவிட்டு வருகிறது. இதுவும் ஷீல்டிங்கா?

ஈயப்புகை, ஞாயிறு இரவு 9:42

சட்டைப் பையில் போன் இருக்கிறதா? சிக்னல் தேடும்போது அது விட்டுவிட்டு அனுப்புவதுதான் அந்தச் சத்தம். போனைத் தள்ளி வை. ஷீல்டிங் செய்தாலும் குறையும்.

கொல்லங்கோடு_கம்பி, ஞாயிறு இரவு 9:55

போன்தான்! ஆனாலும் ஷீல்டிங் செய்ய ஆசை வந்துவிட்டது. நாலுகம்பி, டேப் மிச்சம் இருக்கிறதா?

நாலுகம்பி, ஞாயிறு இரவு 10:02

ஒரு பாஸுக்குத் தாராளமாக வரும். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக்கே வாங்க. சால்டர் இரும்பு என்னிடம் இருக்கிறது, மல்டிமீட்டர் இரவல் வாங்கியது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்களிடம் இருந்தால் கொண்டு வாங்க.